புள்ளி விழாத படம்

பாறசாலை சந்தை முக்கில் ஸ்டுடியோ வைத்திருந்த ரெத்தினதாஸுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கட்டின பெண்டாட்டி ஆனந்தபாய் மேல் அறவே கிடையாது. இந்தத் தடவை காரணம் ஒரு செந்துளுவன் வாழைக்குலை.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொடுப்பதற்காக, வீட்டுப் பின்பக்கத்துச் சாய்ப்பு அறையில் கட்டித் தொங்கவிட்டிருந்த குலை. "ஒரு பழம் குறையாமல் கொண்டு வைப்பேன்" என்று சபைச் செயலாளர் ஈசாக்கிடம் ஊர் கேட்க மார்தட்டியிருந்தார். பண்டிகைக்கு இன்னும் ஐந்து நாள். குலையோ தினமும் மெலிந்துகொண்டே வந்தது. எலி தின்றால் பழத்தொலியாவது கிடக்கும். தொலியும் இல்லை. கொல்லயில் ஊரில் இருக்கும் அவள் தங்கை ஷைலஜா வீட்டுக்குத்தான் பழம் போகிறது என்று அவர் மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்.

"ஏட்டி, பளம் எங்க?"

"குலையில."

"குலையில இருந்தது எங்க?"

"அதைக் குலைக்கிட்ட கேளுங்க. தொங்கவிட்டது நீங்களாக்கும்."

இவளை வாயால் பிடிக்க முடியாது, கேமராவால்தான் பிடிக்க வேண்டும் என்று சபதம் எடுத்தார். மங்கலிலும் சட்டென்று படம் பிடிக்கிற வேகமான பிலிமைப் போட்டு, சாய்ப்பு ஜன்னலுக்கு வெளியே பதுங்கி, உள்ளே நிழல் ஆடியதும் ஷட்டரைத் தட்டினார். சாய்ப்புக்கு வெளிச்சம் என்றால் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. கழுவிப் பார்த்தால் படம் முழுக்கப் புள்ளி, ரவையை அள்ளிக் கொட்டியது போல.

"இது நீதானே?"

ஆனந்தபாய் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "எனக்கு ஒங்க அம்மையாட்டு தோணுது. செத்த பெறகும் பாவத்துக்குப் பசிக்குது போல."

ரெத்தினதாஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புள்ளியே விழாத பிலிம் ஒன்று அவரிடம் உண்டு. ஆனால் அது மகா மந்தம். அந்த இருட்டில் முக்கால் மணி நேரமாவது ஷட்டரைத் திறந்து வைத்தால்தான் உருவம் பதியும். சூட்டில் பிலிம் கெட்டால் அதனாலும் புள்ளி கூடும் என்று ஃப்ரிட்ஜிலிருந்த மீன்சட்டியை வெளியே இறக்கிவிட்டு அந்த இடத்தில் பிலிம் டப்பாவைக் குடியேற்றினார்.

"மீனு கெட்டுதுண்ணா பிலிமைப் பொரிச்சுத் தருவேன்" என்றாள் ஆனந்தபாய்.

சனிக்கிழமை மதியம் வலை விரித்தார். சாக்குகளுக்குப் பின்னால் கேமராவை ஒளித்துவைத்து ஷட்டரைத் திறந்தார். திருடிக்குத் தைரியம் வர வேண்டுமே! குலைக்கு அடியில் நாற்காலி போட்டு, உறங்குவது போல் நடித்தார். வயிற்றில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். ஐந்தாவது நிமிடம் நடிப்பு அசலாகிவிட்டது.

விழித்தபோது ஒரு மணி நேரம் கழிந்திருந்தது. குலையில் மூன்று சீப்பைக் காணோம். அவர் மடியில் நான்கு தொலி.

அவருக்குக் கோபமே வரவில்லை. ஆனந்தம்தான் வந்தது. மாட்டினாளா! ஷட்டரை மூடினார். சாட்சிக்கு ஈசாக்கையும், குற்றவாளியாக மனைவியையும் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். அவர்களை வெளியே உட்கார வைத்து பிலிமைக் கழுவினார். நெகட்டிவில் மருந்துக்கும் ஒரு புள்ளி இல்லை. அந்தப் பூரிப்பில் ஆளைத் தேட மறந்துபோனார்.

பிறகு இருவரையும் இருட்டறைக்குள் கூப்பிட்டார். சிவப்பு விளக்கில், தட்டில் கிடந்த தாளில் படம் மெல்ல எழும்பியது. முதலில் கயிறு. பிறகு குலை. பிறகு வாயைப் பிளந்தபடி ரெத்தினதாஸ், மடியில் தொலியோடு. வேறு ஒரு ஈ எறும்பும் இல்லை.

"எலே மக்கா," என்றார் ஈசாக், "கள்ளன் நீயாக்குமா?"

"அண்ணே, இவ வந்திருக்கா! நிக்காம நடந்திருக்கா. இம்புட்டு நேரம் எடுக்குத படத்துல அசையுதவ விழமாட்டா. அசையாதவன்தான் விழுவான்!"

"அப்பம் களவாண்டவ விழமாட்டா, உறங்கினவன் விழுவான். இதுக்கு ஒரு கேமரா, அதுக்கு ஒரு சாட்சி!" என்றார் ஈசாக்.

"விடுங்கண்ணே," என்றாள் ஆனந்தபாய் இரக்கத்தோடு. "கொதியில தின்னுட்டாவ. நான் ஒருத்தருட்டயும் சொல்லமாட்டேன்."

"கடவுளுக்கு நேந்ததைத் தின்னுட்டுப் பெண்டாட்டி மேல பளி போடுதான். நாளைக்கு ஆராதனையில எழும்பி நிண்ணு நீயே சொல்லீரு" என்று ஈசாக் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரெத்தினதாஸுக்கு மானம் போன வருத்தத்தைவிட மண்டைக்குள் ஒரு கேள்விதான் பெரிதாகக் குடைந்தது.

"ஏட்டி, நடந்தா விழாதுண்ணு ஒனக்கு ஆரு சொன்னா?"

"போன வருசம் காலண்டருக்கு சர்ச்சுக்குள்ள படம் எடுத்தியளே. கேமராவுக்கு முன்னால அம்புட்டு நேரமும் அங்கயும் இங்கயும் நடந்து தரையைத் தூத்தது நானாக்கும். படத்துல பெஞ்சு உண்டு, தூண் உண்டு, நான் இல்ல. நீங்க புள்ளி இல்லேண்ணு துள்ளினிய, என்னைத் தேடவே இல்ல."