விளக்குக் கம்பத்தில் கட்டிய கயிறு

பொய் சொல்வதில் ஒரே ஒரு கஷ்டம்தான்: சில சமயம் கேட்கிறவர் நம்பிவிடுவார்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயது. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதற்குள் ஏழு ஊர், பதினோரு வேலை. எங்கேயும் ஆறு மாதம் தங்கியதில்லை. முதலியார்பேட்டைக்கு வந்தபோது வயிறு காலி, அது பழக்கம்தான். ஆனால் ஊர் சுற்றுவது முதன்முறையாக அலுத்திருந்தது. மில்லில் ஒரு வேலை கிடைத்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

மில் மேஸ்திரிக்கு வேண்டியவர் இஞ்ஞாசி என்றார்கள்; அவரிடம் போய் நின்றேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தெருவில் அவருக்கு 'சொல்தா' என்று பெயர். அவர் தோட்டத்து வாதாமரம் மதிலைத் தாண்டித் தெருவிளக்கை மூடியிருந்தது. இருட்டில் சைக்கிள்கள் சாக்கடைக்குள் இறங்கின. தெருக்காரர்கள் மரத்தையே வேரோடு எடுக்கச் சொல்லிச் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

"சவரி, மரம் வெட்டத் தெரியுமாடா?" என்று என்னைக் கேட்டார்.

"குடகுல ரெண்டு வருசம் அதான் வேலைங்க." (மரம் வெட்டுகிறவர்களுக்கு டீ சுமந்தேன். அதுவும் நாற்பது நாள்.)

"வெளக்கு மேல வுழாம கெளய எறக்கிட்டீனா, மேஸ்திரிகிட்ட நானே சொல்றேன். அலே, ஏறு!"

டீ சுமந்தவனுக்கும் ஒன்று தெரியும். பெரிய கிளையை அப்படியே விழ விடக்கூடாது. அதில் கயிறு கட்டி, உயரமான வேறு கிளையில் சுற்றி, மெல்ல இறக்க வேண்டும். உயரமான கிளை எட்டவில்லை. ஆனால் விளக்குக் கம்பத்தின் இரும்புக் கை, எனக்காகவே செய்து வைத்தது போலப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சுற்றினேன்.

கிளை கல்யாணப் பெண் மாதிரி மெதுவாகத் தோட்டத்துக்குள் இறங்கியது. ஒரு பூந்தொட்டிகூட உடையவில்லை. தெருவே கைதட்டியது. எல்லார் கண்ணும் கிளை மேல். கம்பத்தை யார் பார்த்தார்கள்?

பொழுது சாய்ந்து விளக்கு எரிந்தபோதுதான் தெரிந்தது. கிளையின் பாரத்தில் இரும்புக் கை விளக்கோடு தோட்டத்துப் பக்கம் திரும்பிவிட்டிருந்தது. சொல்தா வீட்டுக் கூடத்தில் பட்டப்பகல். பூவேலை செய்துகொண்டிருந்த அவர் மகள் தெரேஸ், "அப்பா, விடிஞ்சிடுச்சா?" என்றாள். தெருவில் கும்மிருட்டு. முதல் சைக்கிள் சாக்கடையில் விழுந்தது. விழுந்தவர் மில் மேஸ்திரி.

"மொன் தியே! நேத்து வரிக்கும் எல சந்துலயாச்சும் வெளிச்சம் வந்துச்சேடா!" என்று சொல்தா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் மூட்டையைத் தூக்கினேன். அவர் மதில் வாசலை மறித்துக்கொண்டார்.

"எங்க ஓடற? அந்த வெளக்கு திரும்புற வரிக்கும் நீதான் வெளக்கு." கையில் ஓர் அரிக்கேன் விளக்கைத் திணித்தார்.

நகராட்சியில் மனுவைத் தமிழில் கொடுத்தோம், பிரெஞ்சில் கேட்டார்கள். பிரெஞ்சில் கொடுத்தோம், புதிதாக வந்த அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். "பிரெஞ்சுக்காரன் ஊர விட்டுப் போயிட்டான், அவன் காயிதம் போவல" என்றார் சொல்தா. நாலு மாதம் ஆனது. தினமும் பொழுது சாய்ந்ததும் சாக்கடை ஓரத்தில் அரிக்கேனோடு நின்றேன். மழைக்குத் தலையில் சாக்கு. எனக்குப் பெயரே மாறிவிட்டது.

"இன்னா கம்பம், எண்ண இருக்கா?"

"கம்பம், கொஞ்சம் இப்படிச் சாயி. செருப்பத் தேடறேன்."

மேஸ்திரி மட்டும் பேசவே மாட்டார். நொண்டிக்கொண்டே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, என் வெளிச்சத்தில் சாக்கடையைத் தாண்டிப் போவார்.

கடைசியில் ஏணியோடு ஓர் ஆள் வந்து ஐந்தே நிமிஷத்தில் விளக்கைத் திருப்பினார். அன்று மேஸ்திரி நின்றார்.

"நாளைக்கி எங்க நிப்ப?"

"தெரியலங்க."

"மரம் வெட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இத அன்னிக்கே சொல்லியிருந்தீனா என் முட்டி தப்பிச்சிருக்கும்." இரண்டடி போய்த் திரும்பினார். "நாலு மாசம் ஒரே எடத்துல நின்னவன் தறிகிட்டயும் நிப்பான். காலீல மில்லுக்கு வா."

முப்பது வருஷம் நின்றேன்.

இன்றைக்கும் வீட்டில் ஓர் ஆணி அடிக்கப் போனால்கூட, "மொதல்ல சொல்லு, கயித்த எதுல கட்டியிருக்க?" என்பாள் என் மனைவி தெரேஸ். பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்த நாலு மாதமும் வெளிச்சம் வீட்டுக்குள்ளேயே அடித்ததால், இருட்டில் நின்ற என்னை அவளால் சரியாகப் பார்க்க முடியவில்லையாம். பார்த்திருந்தால் கல்யாணத்துக்குக் கொஞ்சம் யோசித்திருப்பாளாம்.

நான் நின்ற இடத்திலிருந்து அவள் நன்றாகத் தெரிந்தாள்.