வீட்டுச் சாவியும் ஒரு வட்டமும்

தெரணியகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இந்திரகுமாருக்குப் புது வீடு கட்டி முடிந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன். முடிந்து பதினாலு மாசம். சாவி மட்டும் கைக்கு வரவில்லை. இப்போது இருக்கிற லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மண்மேடு சரிந்து, குசினிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மழை வந்தால் அவனும் சுமித்ராவும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடுகிறார்கள்.

சாவி தோட்டத்து மேனேஜர் தொரையிடம் இருக்கிறது. கரண்ட் கொடுக்கிற கந்தோரிலிருந்து கடிதம் வந்தால்தான் தருவார். கரண்ட் கந்தோர் வதிவிடச் சான்றிதழ் கேட்கிறது. கிராம சேவகரோ, அந்த வீட்டில் குடியிருந்தால்தான் சான்றிதழ் என்கிறார். குடியிருக்கச் சாவி வேண்டும். யார் மேலும் பிழை இல்லை.

இதைத் தீர்க்க 'முட்டுக்கட்டை கண்டறியும் உத்தியோகத்தர்' ஒருவர் வந்தார். றிஸ்மி என்று பெயர், கம்ப்யூட்டர் படித்தவர். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளக்காம்பராச் சுவரில் படம் காட்டினார்.

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரு வேலை பிடிச்சு வெச்சிருக்கிறத இன்னொரு வேலை கேட்டுக் காத்திருக்கும். ஆளுக்கு வட்டம், சாமானுக்குச் சதுரம், நடுவுல அம்புக்குறி. அம்பு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தா அது முட்டுக்கட்டை."

நாலு வட்டம் போட்டார். லேப்டாப் கொஞ்ச நேரம் முனகிவிட்டு எல்லாவற்றையும் சிவப்பாக்கியது. முட்டுக்கட்டை உத்தியோகபூர்வமாகக் கண்டறியப்பட்டது. நாங்கள் கை தட்டினோம்.

"இது எங்களுக்குப் பதினாலு மாசமாத் தெரியுங்களே சேர்" என்றாள் சுமித்ரா.

"தெரிஞ்சிருக்கிறது வேற, கண்டறியிறது வேற. சாவி ஒண்ணே ஒண்ணா இருக்கிறதுதான் பிரச்சினை. ரெண்டு இருந்தா தப்பியிருக்கலாம்."

"ரெண்டாவது சாவி கணக்கப்புள்ள மேசையிலதாங்க கெடக்கு."

றிஸ்மி சேர் படத்தைப் பார்த்தார். "இதுல ஒண்ணுதான் இருக்கு."

பிறகு தீர்வுக்கு வந்தார். சுற்றில் ஒரு வேலையை நிறுத்திவிட வேண்டுமாம், நட்டம் எதில் குறைவோ அதை. தொரையை நிறுத்தினால் தோட்டம் நின்றுவிடும். கரண்ட் கந்தோரை நிறுத்தினால் ஊரே இருட்டு. கிராம சேவகரை நிறுத்தினால் செத்தவனுக்குக்கூடக் கடிதம் கிடைக்காது. லேப்டாப் நேர்மையாகக் கணக்குப் பார்த்து இந்திரகுமாரை நிறுத்தியது. அவன் வட்டம் மறைந்ததும் படம் முழுக்கப் பச்சையாகிவிட்டது.

"அப்ப என் வீடுங்க சேர்?" என்றான் இந்திரகுமார்.

"நிறுத்தின வேலையைத் திரும்பத் தொடங்கலாம். முதல்ல இருந்து."

"முதல்ல என்னங்க வேணும்?"

"வதிவிடச் சான்றிதழ்."

அடுத்ததாக ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. இத்தோட்டத்தில் வீட்டுக்காகக் காத்திருப்போர் எவரும் இல்லை என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும். இது என்ன அநியாயம் என்று கேட்க எழுந்தேன்.

"கையெழுத்துப் போடாதவங்க பேரை இந்திரகுமார் வட்டம் இருந்த காலி இடத்துல போடுவோம்" என்றார் றிஸ்மி சேர், மிக மரியாதையாக.

எழுந்தது எழுந்தாயிற்று என்று வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். முழுத் தோட்டமும் எனக்குப் பின்னால் நின்றது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இந்திரகுமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்தைத் தாண்டித்தான் போனான். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எங்கள் வீட்டிலிருந்து அவனுக்கு ஒரு அம்புக்குறி போட்டுவிடுவார்களே.