வாசலில் எம்.எல்.ஏ.

சுடலைமணி காரிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தார். எதிர்வீட்டில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்த மூக்கம்மாள் துணியைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டுக்காரரா அண்ணாச்சி? டூட்டிக்குப் போயி அரை மணி நேரங்கூட ஆகலியே."

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல தாயி. இந்தப் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்தேன்."

அவள் நம்பவில்லை. போன் போட்டுப் புருஷன் குரலைக் கேட்ட பிறகுதான் மூக்கைச் சிந்தி அழுகையை நிறுத்தினாள். பால்காய்ப்பு வீட்டில் அதற்குள் வயசான பெரியவரைப் பின்வாசல் வழியாகக் கிளப்பிவிட்டார்கள்.

எம்.எல்.ஏ. ஆவதற்கு முன் சுடலைமணி தென்காசியில் பிணம் வைக்கிற பிரீசர் பெட்டி வாடகைக்கு விட்டவர். பெட்டி போகிற வீட்டுக்கெல்லாம் வெள்ளை வேட்டி சட்டையில் தானும் போய் முதல் நாற்காலியில் உட்காருவார். பன்னிரண்டு வருஷம். இப்போது தொழிலை மச்சினன் பார்க்கிறான். முகத்தை யாரிடம் ஒப்படைப்பது?

"முப்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிக்க வச்ச சனம்லே. என்னைக் கண்டா ஏன் கதவ அடைக்காக?"

"வெள்ளைச் சட்டைய மாத்திப் பாருங்க அண்ணாச்சி" என்றான் டிரைவர் ஜஸ்டின்.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து கட்சிப் பார்வையாளர் வருகிறார். ஜனம் விரும்பாத ஆளுக்கு அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது. சுடலைமணி ரோஸ் கலர் சட்டையில் தெருத்தெருவாகப் போனார்.

"இப்ப ஆள் தெரியாம வேற வருதாரு" என்று டீக்கடையில் கவலைப்பட்டார்கள். வெள்ளையென்றால் தெருமுனையிலேயே சுதாரித்துக்கொள்ளலாமாம்.

மறுநாள் ஆப்பிளும் ஹார்லிக்சுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆண்கள் வார்டில் பதினாறு பேர். முதல் கட்டில்காரரின் கையைப் பிடித்து, "நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லித் திரும்பினால் மற்ற பதினைந்து கட்டிலும் காலி. ஒருவர் குளுக்கோஸ் பாட்டிலோடு ஆட்டோ ஏறியிருந்தார்.

"மாசம் ஒருக்கா வாங்க சார்" என்றாள் நர்ஸ் ஜெயபிரியா. "இங்கன கட்டில் பத்தல."

வெள்ளிக்கிழமை பார்வையாளரை ஊருக்குள்ளேயே விடாமல் நேரே குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார் சுடலைமணி. எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்க வைத்து, சாப்பாடு போட்டு ரயிலேற்றிவிடுவதாகத் திட்டம். தொகுதி ஆள் ஒருத்தனையும் அவர் பார்க்கக்கூடாது.

எண்ணெய் தேய்க்கிற அய்யாக்குட்டியும் தொகுதி ஆள்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

முதுகில் அறை வாங்கியபடியே, குப்புறக் கிடந்த பார்வையாளர் கேட்டார்.

"உங்க எம்.எல்.ஏ. எப்படிப்பா?"

"தங்கமான மனுசன் சார்."

"மறுபடி நின்னா ஓட்டுப் போடுவீங்களா?"

சுடலைமணி எண்ணெய்க் கிண்ணத்தைத் தானே எடுத்து நீட்டினார். அய்யாக்குட்டி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொரு கை எண்ணெய் அள்ளினார்.

"மெட்ராசுக்கு அனுப்புனா அங்கனயே கெடப்பாருன்னுதான் சார் அம்புட்டு ஓட்டுப் போட்டோம். வாராவாரம் பொதிகை ரயில்ல ஏறி வந்துருதாரு. இந்தத் தடவ டெல்லிக்கு நிறுத்துங்க, ஒரு லச்சம் கூடப் போடுதோம்."