பொட்டு வைத்த விளக்கும் திரும்பாத வண்டியும்

ஆட்டையாம்பட்டி,
ஐப்பசி மாதம், வியாழக்கிழமை.

அன்புத் தம்பி சரவணக்குமாருக்கு,

உன் ஒரே அக்கா ராஜம்மாள் வாய் நிறைய ஆசீர்வாதமும் மனசு நிறைய வசவுமாக எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உன் மாமா இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு சுகம். தறிகளும் ஓடுகின்றன. நீ எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் வண்டி மட்டும் கொட்டகையில் நிற்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சூரத்தில் உன் உடம்பும் சாப்பாடும் நலம்தானே? நலம் என்றால் மேலே படி. நலமில்லை என்றால் எங்காவது உட்கார்ந்துகொண்டு படி.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று கேட்பாய். போன் போட்டால் "அக்கா, மீட்டிங்குல இருக்கேன்" என்கிறாய். பேசிப் பதிவு பண்ணி அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய். அதில் நான் முட்டையிட்ட கோழி மாதிரி கத்துகிறேன் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாதல்லவா? அதனால்தான் கூரியரில் வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வயது முப்பத்துநாலு. உன் ஜாதகம் போகாத ஊர் இல்லை. அது போன தூரத்துக்கு நீ போயிருந்தால் ஊருக்கு ஒரு பெண்ணையாவது நேரில் பார்த்திருப்பாய். கடைசியில் குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ராசு என்பவரின் மகள் ஸ்ரீதேவி ஜாதகம் பொருந்தியது. கோயமுத்தூரில் ஒரு டிராக்டர் கம்பெனியில், வண்டியை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிற பிரிவில் இன்ஜினியர். போட்டோவைப் பார்த்ததும் "அக்கா, இதை மட்டும் எப்படியாச்சும் முடிச்சுக் குடுத்துரு" என்று கெஞ்சினாய். எதற்கும் கெஞ்சாதவன் கெஞ்சியதில் எனக்கே கண் கலங்கிவிட்டது. முதலில் நானும் மாமாவும் போய்ப் பேசிவிட்டு வருவது, பிறகு நீ லீவில் வந்து பார்ப்பது என்று ஏற்பாடு. பஸ்ஸில் போய் இறங்கினால் மரியாதை இருக்காது என்று உன் மாமா உன் வண்டியைக் கிளப்பினார். கெரகம் அங்கே பிடித்தது.

உன் மாமா மணியனைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. ரிக் லாரியோடு வடநாடெல்லாம் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். பூமிக்கு அடியில் எங்கே தண்ணீர் என்று சொல்வார், தன் மூக்குக் கண்ணாடி எங்கே என்று மட்டும் என்னைக் கேட்பார். அன்றைக்கு விடிய விடிய மழை. நம் மண் தடம் சேறும் சகதியுமாகக் கிடந்தது. வண்டி பாதி தடத்தில் புதைந்துகொண்டது. சக்கரம் விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே கியருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் குட்டி லாக் லீவரைப் பிடித்து இழுத்தார். அடியில் கடகடவென்று ஒரு சத்தம், அரிசி மில்லில் கல் விழுந்த மாதிரி. "ஏனுங்க, சேத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே நிறுத்திப் போட்டுக்கோணும், சக்கரம் சுத்தறப்பப் போடக்கூடாதுன்னு தம்பி சொன்னானே" என்றேன். "நான் பார்க்காத லாக்கா ராஜம்மா?" என்றார். என்னமோ போ, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டி எருமை மாதிரி எழுந்து வெளியே வந்துவிட்டது. அதுவரைக்கும் உன் வண்டியை நான் குறை சொல்லவில்லை.

தார் ரோடு வந்தது. லாக்கை எடுத்துவிடுங்கள் என்றேன். "காசு குடுத்து வாங்குன சாமானத்தைத் தூங்கப் போடறதா? நாலு சக்கரமும் ஒண்ணாப் பிடிச்சா எச்சாப் பிடிமானந்தானே, மழை நாளு வேற" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. கல்யாணத்துக்கு வாங்கின பட்டுச் சேலையைப் பீரோவில் வைத்தே கிழிய விட்டவள் நான். அந்த வருத்தம் எனக்குத்தான் தெரியும்.

லாக் போட்டிருந்தால் மீட்டர் பலகையில் ஒரு விளக்கு எரியும், அதைப் பார்த்துக்கொள் என்று நீ சொன்னாய், இல்லையென்று சொல்லவில்லை. விளக்கு எங்கேயடா தெரிந்தது? ஆயுத பூஜைக்கு உன் வண்டிக்கு நான்தானே சந்தனம் குங்குமம் வைத்தேன்? ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, பலகையில் குண்டு குண்டாக இருந்ததற்கெல்லாம் ஒவ்வொன்று. குறை வைக்கக்கூடாதென்று கொஞ்சம் தடிப்பாகவே அப்பினேன். சங்ககிரி தாண்டும்போது வானம் கறுத்தது. பார்க்கிறேன், ஒரு குங்குமப் பொட்டு மட்டும் உள்ளேயிருந்து செக்கச் செவேலென்று ஜொலிக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "ஏனுங்க, அம்மன் கண்ணைத் தொறந்துட்டா! தம்பி கல்யாணம் கூடிருச்சுங்க! எதையும் தொடாதீங்க, இப்படியே போங்க!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உன் மாமாவும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டார். நல்லவேளை, ரோடு நேராக இருந்தது.

நேராக இருந்தவரைக்கும் பரவாயில்லை. வளைவு வந்தால் ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. டயர் கீச்சிட்டது. வண்டி திரும்பாமல் தவளை மாதிரி தத்தித் தத்திப் போனது. பெண் வீட்டுக்கென்று ராசிபுரத்திலிருந்து வரவழைத்த நெய்யைத் தூக்குப்போசியில் மடியில் வைத்திருந்தேன். ஒரு தத்தில் மூடி பறந்தது, மறு தத்தில் நெய் முழுவதும் உன் மாமாவின் பட்டு வேட்டியில். "உன்ர தம்பி வாங்குன டயரு மட்டம்" என்று அவர் கத்த, "உங்க கைதான் மட்டம்" என்று நான் கத்த, அம்மன் மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தாள்.

குமாரபாளையத்தில் சுள்ளென்று வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. ராசு வீட்டுச் சந்து இருக்கிறதே, அது இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய சந்து. உன் மாமா ஒடித்துத் திருப்பினார். வண்டி பாதி திரும்பி, உறுமி, தெருவுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தறிக்குப் பாவு நூல் உருளை ஏற்றி வந்த வண்டி ஒன்று பின்னால் நின்று ஹாரன் அடித்தது. வரிசையாகத் தறிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். குமாரபாளையத்தில் கரண்டு போகாமலே தறிச் சத்தம் நின்றது உன்னைத் தம்பியாகப் பெற்ற புண்ணியத்தால்தான். ஒருவர் ஆயிலை ஊற்றச் சொன்னார், இன்னொருவர் பேட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். உன் மாமாவுக்கு அப்போதுதான் லாக் ஞாபகம் வந்து லீவரைத் திருப்பிப் போட்டார். அம்மன் அணையவில்லை. லீவரை ஒரு குத்துக் குத்தினார். அதற்கும் அணையவில்லை.

சத்தம் கேட்டு ராசு தோளில் துண்டோடு வந்தார். நெய் வேட்டியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "வாங்க, வாங்க. வண்டியத் தெருவுலயே வெச்சுட்டுப் பேசறதுங்களா?" என்றார். எனக்கு பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் ஸ்ரீதேவியே வந்துவிட்டாள். காபி கொண்டுவர உடுத்திய பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. "சித்த எறங்குங்கண்ணா" என்றாள். நாத்தனார் புருஷன் என்று இப்போதே முறை வைத்து உன் மாமாவை அண்ணா என்று கூப்பிட்டதில் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்து, அம்மன் மேல் இருந்த குங்குமத்தை விரலால் வழித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அடியில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. "லாக்கைப் போட்டுட்டேவா ஆட்டையாம்பட்டியிலிருந்து தார் ரோட்டுல வந்தீங்க?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது.

உன் மாமா விடுவாரா? ரிக் லாரியில் தான் கண்ட அனுபவத்தை எடுத்துவிட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "வளையறப்ப முன் சக்கரம் எச்சாத் தூரம் போகோணுங்கண்ணா, பின் சக்கரம் கொஞ்சம் போனாப் போதும். மணவறை சுத்தறப்ப வெளிப்பக்கம் போறவங்க எட்டி நடக்கோணும், உள்பக்கம் போறவங்க மெதுவா நடக்கோணுமில்லீங்களா? ரெண்டு பேரு காலையும் சேத்துக் கட்டிப் போட்டா எப்படிச் சுத்துவாங்க? சேத்துல சக்கரம் வழுக்கிச் செரி பண்ணிக்கும். காஞ்ச தார்ல வழுக்க முடியாதுங்க, உள்ளயே முறுக்கிக்கிட்டு நிக்கும். இன்னும் அழுத்தியிருந்தா எதாச்சும் முறிஞ்சே போயிருக்கும். லீவரை எடுத்தாலும் முறுக்கு விட்டாத்தான் லாக்கு விடுமுங்க." சொல்லிவிட்டு, பின்னால் நின்ற வண்டியைத் தள்ளிப் போகச் சொல்லி, ஸ்டீயரிங்கை நேராக்கி, அலுங்காமல் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தாள். அடியில் டக் என்றது. விளக்கு அணைந்தது.

அதோடு மானம் போனது போதாதென்று உன் மாமா என்ன செய்தார் தெரியுமா? "எனக்கு ஒருக்காச் சொல்லிக் குடு சாமி" என்று, நெய் வேட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து, தெரு முனைவரைக்கும் போய்ப் போய் வந்து பாடம் படித்தார். பெண் கேட்கப் போனவர் பெண்ணிடமே டியூஷன் படித்ததை உலகத்தில் எங்காவது கேட்டிருக்கிறாயா? வீட்டுக்குள் கல்யாணப் பேச்சே எழவில்லை. காபி குடித்தோம். ராசு, "நெய் பூராவும் போச்சுங்களா?" என்று துக்கம் விசாரித்தார். வாசலில், "சொல்லி அனுப்பறமுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பத்துநாலு வயது ஆனவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தம்பி, முடிவாகச் சொல்கிறேன். தப்பு வண்டி மேல்தான். அதை வாங்கிய உன் மேல்தான். நாமக்கல் முட்டை வியாபாரி ஒருவர் கேட்கிறார், தள்ளிவிடப் போகிறேன். நீ அதை ஓட்டிய அழகும் எனக்குத் தெரியும். ஊருக்குப் போகிற அன்றைக்கு ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று வாசல் குழாயை உடைத்தாயே, அது இன்னும் ஒழுகுகிறது. இனிமேல் உனக்குப் பெண் தேட நான் எந்தப் படியும் ஏற மாட்டேன். காவி வேட்டி வேண்டுமென்றால் சொல், நம் தறியிலேயே நெய்து அனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அம்மன் உன்னைக் காப்பாற்றுவாள். விளக்கில் இல்லையென்றாலும் கோயிலில் இருக்கத்தான் இருக்கிறாள். மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு,
அக்கா ராஜம்மாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஸ்ரீதேவியே போன் பண்ணினாள். எடுத்ததும் "அண்ணி" என்றாள். பசையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். "இதுக்கு முன்னாடி வந்தவங்கெல்லாம் வேலையை விட்டுருவியான்னுதான் கேட்டாங்க. உங்க ஊட்டுலதான் கத்துக் குடுன்னு கேட்டாங்க. எனக்குச் சம்மதமுங்க அண்ணி, அப்பாவும் செரின்னுட்டார்" என்றாள். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. வண்டி தங்கமான வண்டி, முட்டை வியாபாரியை வாசலோடு அனுப்பிவிட்டேன். உன் மாமா இப்போது ஊரில் போகிற வருகிறவனையெல்லாம் நிறுத்தி மணவறை சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "முறுக்கிக்கிட்டா அவருக்கு நேராப் பின்னால வரத் தெரியுமுங்களா அண்ணி?" நன்றாகத் தெரியும் என்று அம்மன் மேல் சத்தியம் பண்ணிவிட்டேன். இன்றைக்கே பழக ஆரம்பி.