சீர்த்தட்டோடு கஸ்டம்ஸுக்குப் போன கதை

எங்கள் குடும்பத்தில் யாருடைய ஃபோன் மக்கர் செய்தாலும் அது என்னிடம்தான் வரும். படம் திறக்கவில்லை, சத்தம் வரவில்லை, யாரோ அனுப்பிய பிள்ளையார் அசையவில்லை, எல்லாவற்றுக்கும் நான்தான் டாக்டர். வாங்கிப் பார்ப்பேன், உதட்டைப் பிதுக்குவேன், அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். சரியாகிவிடும். (எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஆனால் உதட்டைப் பிதுக்குவதில் நல்ல தேர்ச்சி உண்டு.)

இதில் எனக்குத் தலைக்கனம் ஏறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். சிங்கப்பூரில் வேலை, மலேசியப் பக்கம் தம்போயில் வீடு, தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய் வருகிறவள். பத்து பாகாட்டில் இருக்கும் அம்மாவுக்கும் சொந்தக்காரர்களுக்கும் இதுவே பெரிய படிப்பாகத் தெரிந்தது. யாராவது வழி சொல்ல ஆரம்பித்தால், "கோயில் தாண்டி லெஃப்ட், பெட்ரோல் ஸ்டேஷன் தாண்டி ரைட்டுன்னு இந்தக் காலத்துல யாராவது வழி சொல்வாங்களா?" என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படி வாயடைத்து வைத்திருந்த ஒரு குடும்பத்தைத்தான் தம்பியின் நிச்சயதார்த்தத்தன்று நான் தலைமை தாங்கி அழைத்துப் போனேன்.

தம்பி பிரபு விரும்பிய பெண் தர்ஷினி. சிலோன்காரர் வீட்டுப் பெண். அவளுடைய அப்பா சிவபாதம் அங்கிள் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாங்களோ தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலில் சந்தித்துப் பெண் கேட்டபோது சிரித்துக்கொண்டே இவ்வளவுதான் சொன்னார்: "எங்கட ஆக்கள் மூண்டு மணி எண்டா மூண்டு மணிதான். உங்கட பக்கம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும் எண்டு கேள்விப்பட்டனான்."

அந்தச் சிரிப்பு அம்மாவின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது. (அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் ஏழு மணி பிறந்தநாள் விருந்துக்கு ஏழு மணிக்கு வருகிறவர் கேக் கொண்டுவருகிற கடைக்காரர் மட்டும்தான். அவரும் சீனர்.) உண்மை என்பதால்தான் அவ்வளவு வலித்தது. "நாம லேட்டா போனோம்னா அந்த மனுஷன் வாழ்க்கை பூரா சொல்லிக் காட்டுவாரு. மனசு மாறினாலும் மாறிடுவாரு" என்று அம்மா தினமும் புலம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்றேகாலுக்கு நல்ல நேரம். நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டியவள் நான். நான் போகாமல் ஒன்றும் நடக்காது.

"நீங்க கவலையே படாதீங்கம்மா" என்றேன். இரண்டு வீட்டாரையும் சேர்த்து வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன். சிவபாதம் அங்கிளுக்கு அதில் தனியாக ஒரு செய்தி வேறு: "அங்கிள், என்னோட லைவ் லொகேஷன இதுல போடுறேன். நாங்க எங்க வர்றோம்னு நிமிஷத்துக்கு நிமிஷம் நீங்களே பார்க்கலாம்."

என் கழுத்துக்கு நானே கயிறு திரித்தேன். திரித்ததோடு நிற்காமல் அதைக் குழுவில் பகிரவும் செய்தேன்.

பத்து பாகாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் என் வீட்டில் பகல் சாப்பாட்டை முடித்தார்கள். ஐந்து கார்கள். ஒற்றைப்படையில் தட்டுகள். புறப்படும்போது என் தாய்மாமா, "பொண்ணு வீடு ஸ்டூலாங்தானே? கடலோரமா போனா வந்துரும்லா" என்று ஆரம்பித்தார். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

"மாமா, தயவுசெஞ்சு இன்னிக்கு யாரும் சொந்த மூளைய யூஸ் பண்ணாதீங்க. என் வண்டி பின்னாலயே வாங்க. அது போதும்."

பேசிக்கொண்டே ஃபோனில் வரைபடத்தைத் திறந்து முதல் வரியைத் தட்டினேன். முதல் நாளே பெண் வீட்டு முகவரியைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அந்த ஃபோனுக்கு நான் யார்? வாரம் முழுக்க ஒரே இடத்துக்கு ஓடுகிற மாடு. முதல் வரியில் அது எப்போதும் எதைக் காட்டுமோ அதைத்தான் காட்டியிருந்தது. என் ஆபீஸ்.

காரில் அம்மா முன்னால், மாப்பிள்ளை பின்னால், அவன் மடியில் லட்டுத் தட்டு. ஃபோனுக்குள் இருந்த பெண் இனிமையாக வழி சொன்னாள். "பாத்தீங்களாம்மா, எவ்வளவு தெளிவா சொல்றா" என்று அவளை நான் பாராட்டிக்கொண்டே ஓட்டினேன். தினமும் தூக்கக் கலக்கத்தில் போகிற பாதை. கைக்குப் பழகிய வளைவுகள். பச்சைப் பலகையில் அம்புக்குறி போட்டு, சிங்கப்பூர்ப் பக்கத்து 'வூட்லண்ட்ஸ்' பெயரை எழுதியிருந்ததும் கண்ணில் பட்டது. தினமும் படுகிறதுதானே.

நடுவில் மாமாவிடமிருந்து ஃபோன் வந்தது. எடுத்தால் வரைபடம் மறைந்துவிடும். வெட்டினேன். மறுபடி வந்தது. வெட்டினேன். மூன்றாவது முறை, யாருடைய அழைப்பும் வராதபடி செய்து வைத்தேன். (அந்த வசதி என் ஃபோனில் இருப்பது பற்றி அம்மாவுக்கு ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.)

மேம்பாலம் ஏறியதும் வண்டிகள் நின்றன. முன்னால், பின்னால், பக்கத்தில், எங்கு பார்த்தாலும் கார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சிங்கப்பூருக்குத் திரும்புகிற கூட்டம் அது.

அம்மா கண்ணாடி வழியாகச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: "ஏம்மா, பொண்ணு வீட்டுக்கு இவ்வளவு பேரா வர்றாங்க? நல்ல செல்வாக்கான குடும்பம்தான்."

அப்போதுதான் ஃபோனில் போய்ச் சேரும் இடத்தின் பெயரைப் படித்தேன்.

"அக்கா" என்றான் பிரபு, பின்னாலிருந்து, மெதுவாக. "தர்ஷினி மெசேஜ் போட்டிருக்கா. நாம எங்க போறோம்னு அவங்க அப்பா கேக்குறாராம்."

நான் பதில் சொல்லும் முன் அம்மாவின் ஃபோன் அடித்தது. அம்மா வழக்கம்போல் தவறுதலாக ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். சிவபாதம் அங்கிளின் குரல் கார் முழுக்க நிறைந்தது.

"நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்? பிள்ளையிட புள்ளி கடலுக்குப் பக்கத்தில நிக்குது. இன்னும் கொஞ்சம் போனா சிங்கப்பூர் அல்லோ?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தால் வழியில்லை. வழக்கமாக நாங்கள் குளித்துக்கொண்டே "கிட்ட வந்துட்டோம்" என்று சொல்கிற பரம்பரை. அந்த அரிய உரிமையை நானே தொழில்நுட்பத்தின் காலில் போட்டு மிதித்திருந்தேன். குழுவைத் திறந்தேன். பெண் வீட்டுச் சித்தப்பா ஒருவர், "மாப்பிள்ளை வீட்டார் நாட்டை விட்டுப் போகினமோ?" என்று கேட்டு, பக்கத்தில் ஒரு விமானத்தையும் வரைந்திருந்தார். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் அதற்குக் கைகூப்பி வணக்கம் போட்டிருந்தார்.

அந்தப் பாதையில் நுழைந்துவிட்டால் திரும்ப முடியாது. நினைத்த இடத்தில் வளைத்துக்கொண்டு வர அது என்ன எங்கள் குடியிருப்பு, தாமான் தெருவா? பாஸ்போர்ட் என் ஆபீஸ் பையில் இருந்தது. ஆபீஸ் பை வீட்டில் இருந்தது. அங்குலம் அங்குலமாக நகர்ந்து எல்லைச் சாவடிப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் என் பட்டுப்புடவை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அம்மா கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. தம்பியின் கல்யாணத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று நிச்சயமாக நம்பினேன்.

பச்சை மேல்சட்டை போட்ட ஒரு மலாய்ப் பெண் அதிகாரி எங்கள் காரை நோக்கி வந்தாள். குனிந்து பார்த்தாள். குங்குமம் வைத்த மாப்பிள்ளை. லட்டு. அழுத முகத்தோடு டிரைவர்.

"பாஸ்போர்ட்?"

"தாக் அடா" என்றேன். இல்லை.

அவள் பார்வை பின்னால் போனது. மாவிலைத் தோரணம் கட்டிய நாலு கார்கள் வரிசையாக, பணிவாக நின்றன. "செமுவா?" என்றாள், கண் விரிய. எல்லாருமா?

"செமுவா."

"அலமாக்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

புண்ணியவதி, திட்டவில்லை. ஆரஞ்சுக் கூம்புகளை நகர்த்தி, ஒரு வரிசையையே நிறுத்தி, ஐந்து கார்களையும் திருப்பி விட்டாள். பக்கத்து வரிசை பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று படம் பிடித்தார்கள். (அந்த வீடியோ அடுத்த வாரம் தங்காக்கில் இருக்கும் என் அத்தையிடமிருந்தே எனக்கு வந்தது. 'இப்படியும் மூளை இல்லாத ஜனங்க இருக்காங்க பாரும்மா' என்று எழுதியிருந்தார். மூன்றாவது காரில் அவரும்தான் இருந்தார்.)

பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது என் ஃபோனில் நாலு முப்பத்தேழு. ராகு காலம் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது. மாமா மட்டும் காரிலிருந்து குதித்து, யாரையும் பாராமல் வீட்டுக்குள் ஓடினார். வழி தவறியதைச் சொல்லத்தான் அவர் ஃபோன் செய்தார் என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, டாய்லெட் போக வேண்டுமாம். "ரோட்டு தப்புன்னு தெரியலயா மாமா?" என்று பிறகு கேட்டேன். "நீதான மூளைய யூஸ் பண்ணாதீங்கன்ன? அதான் சும்மா வந்தேன்லா" என்றார்.

சிவபாதம் அங்கிள் வேட்டி சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா கைகூப்பினார். நான்தான் ஃபோனை நீட்டி உளறினேன்: "அங்கிள், மன்னிச்சிருங்க. நாலு முப்பத்தேழாயிடுச்சு..."

"ஆர் சொன்னது?" என்றார்.

கூடத்துச் சுவரைக் காட்டினார். அங்கே மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தில் மணி நாலு பத்து. அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்காருகிற இடத்தில், தூசி படிந்த இரண்டு பாதச் சுவடுகள்.

"இந்த வீட்டில இதுதான் நேரம். அந்த ஃபோனை உள்ளுக்கு வையும் பிள்ளை. அதை நம்பினது காணும், போதும்."

ஐயரும் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கிளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மந்திரத்தை ஆரம்பித்தார். நான் தர்ஷினிக்குப் பூ வைத்தேன். அம்மா அன்றைக்கு இரண்டாவது தடவையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை அதை யாரிடமும் மறைக்கவில்லை.

அங்கிள் அதற்காகச் சொல்லிக் காட்டாமல் விட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி மகள் பாலர் பள்ளிக்குப் போகிற வயதாகிவிட்டது. இன்றைக்கும் நான் அந்த வீட்டிலிருந்து கிளம்பினால், "பாஸ்போர்ட் எடுத்தனீரோ?" என்று வாசல் வரை வந்து கேட்கிறார்.

அந்தக் கடிகாரத்தை அவர் அதன் பிறகு திருத்தவே இல்லை. பேட்டரி மாற்றும்போதுகூட இருபத்தேழு நிமிடம் குறைத்துத்தான் வைக்கிறார். அந்த வீட்டில் எதற்கு நேரம் குறித்தாலும் யாராவது ஒருவர் கேட்பது வழக்கமாகிவிட்டது: "மலேசியா டைமா, அக்கா டைமா?"

அக்கா டைம் என்றால் அவசரமில்லை, மெதுவாக வரலாம்.