இதர வேலைகள்

நோட்டீஸ்காரருக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் மொத்தம் ஏழு. காலவரிசை பிசகாமல் சொல்வார். நடுவில் யாராவது மூன்றாவதைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். ஆகவே யாரும் கேட்பதில்லை.

ஒன்று: பேருந்துப் பணிமனையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டே, தொழிலாளர் கழிவறைக்குக் கதவு கேட்டதற்காக அவரை எஞ்சின் பிரிவிலிருந்து பழைய ஆணி பொறுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு: கதவு வந்தது, திறப்பு விழாவுக்கு அவரை அழைக்கவில்லை. மூன்று: அவர் எழுதிய துண்டறிக்கையைச் சங்கத் தலைவர் தன் பெயரில் அச்சடித்துக்கொண்டார். அதிலிருந்த இரண்டு பிழைகளுக்கு மட்டும் இவர் பெயரைச் சொன்னார். நான்கு: நாற்பது நாள் வேலைநிறுத்தத்தில் இவர் சிறைக்குப் போனார், தலைவர் பேச்சுவார்த்தைக்குப் போனார். பேச்சுவார்த்தையில் பிஸ்கட் கொடுத்தார்கள். ஐந்து: ஓய்வு பெற்ற நாளில் பரிசளித்த சுவர்க் கடிகாரம் ஓடவில்லை. முறையிட்டதற்கு, இனி உங்களுக்கு நேரம் எதற்கு என்றார்கள். ஆறு: அவர் கட்டிக் காத்துவைத்திருந்த துண்டறிக்கைகளை எடுத்து மனைவி அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டாள். எழுத்து கீழ்ப்பக்கமாக.

ஏழாவது, போன திங்கட்கிழமை நடந்தது.

"என்னங்க, அந்த மேற்பார்வை வேலை எனக்கே வந்துடுச்சு" என்றாள் மனைவி.

பெரிய ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் கூடத்தில் அந்த அம்மாளுக்கு இருபத்தாறு வருடம். மேற்பார்வைப் பதவி இரண்டு தடவை அவள் தலைக்கு மேலே பறந்து போயிருக்கிறது. ஒரு தடவை அது போய் உட்கார்ந்த ஆளுக்கு வெந்நீர்க் குழாய் எது, பச்சைத்தண்ணீர்க் குழாய் எது என்றுகூடத் தெரியாது.

"பிரமாதம்! இது வர்க்கத்தின் வெற்றி" என்றார் நோட்டீஸ்காரர். மனதாரத்தான் சொன்னார்.

"காலை ஷிஃப்ட்டு. அஞ்சரைக்கெல்லாம் கிளம்பணும். சனிக்கிழமைக்குள்ள சரின்னு எழுதிக் குடுக்கணுமாம்."

"குடுத்துடு."

"அப்ப காலையில அடுப்படி?"

அங்கேதான் வெற்றி நின்றுவிட்டது.

காலை ஆறிலிருந்து பத்துவரை நோட்டீஸ்காரர் சன்னலோர நாற்காலியில் இருப்பார். வாழ்நாள் முழுதும் போராடி அவர் விடுவித்த நிலப்பரப்பு மொத்தமே அந்த நாற்காலிதான். அதில் உட்கார்ந்து, பழைய ஞானிகளைப் பன்னிரண்டு சிறு புத்தகங்களில் அடக்கிய ஒரு வரிசையைப் படித்து வந்தார். ஞானிக்கு முப்பத்திரண்டு பக்கம், நடுவில் இரண்டு பின். அதற்குமேல் நீளுகிற உண்மையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

போகாதே என்று சொல்ல முடியாது. பெண்களுக்குப் பதவி உயர்வு வேண்டும் என்று பணிமனை வாசலில் தொண்டை கிழியக் கத்தியவர் அவர். அது அச்சிலும் இருக்கிறது, அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில். ஆகவே போக மாட்டேன் என்று அவளே சொல்ல வேண்டும். தானாக, சுதந்திரமாக, சிந்தித்து. இதற்கில்லாமல் தத்துவம் வேறு எதற்கு?

செவ்வாய்க்கிழமை முதல் புத்தகத்தோடு அடுப்படிக்குப் போனார்.

"ஒண்ணு கேக்கறேன். சந்தோஷம்னா என்ன?"

"ஏன், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"பதில் சொல்லேன்."

"அந்த வெங்காயத்த உரிச்சுக்கிட்டே கேளுங்க. நேரமாச்சு."

உரித்துக்கொண்டே கேட்டார். "பதவியில இருக்கறவங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களா?"

"எங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

"அப்ப பதவி வேற, சந்தோஷம் வேற. ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

இவ்வளவு சீக்கிரம் எந்த நிர்வாகமும் அவரிடம் விழுந்ததில்லை. "அப்ப நல்லா யோசிச்சுச் சொல்லு. நிஜமான சந்தோஷம் எதுல இருக்கு?"

"காலையில யாராவது டீ போட்டுக் கையில குடுத்தா, அதுல."

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"இப்படி மடக்கி மடக்கிக் கேக்கறதுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தா?"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னாடி ஒரு பெரியவர். சந்தையில நின்னுகிட்டு, போற வர்றவங்களையெல்லாம் நிறுத்தி வெச்சுக் கேப்பார்."

"வீட்டுல ஒரு வேலையும் சொல்ல மாட்டாங்களா அவர?"

"ஊரே அவரால விழிச்சுக்கிச்சு, தெரியுமா?"

"விழிச்சு, கடைசியில அவருக்கு என்ன குடுத்தாங்க?"

"விஷம்."

அம்மாள் சற்று யோசித்தாள். "சரி, நீங்க டீ குடிக்கிறீங்களா?"

வாங்கிய டீயைக் குடிப்பதற்கு முன் கோப்பைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். அரைக் கிலோ வெங்காயம் உரித்து முடிந்திருந்தது.

புதன்கிழமை மூன்றாவது புத்தகம். அடிமையாக இருந்து ஆசானான ஒருவர் சொன்னது.

"உலகத்துல ரெண்டே வகைதான். நம்ம கையில இருக்கறது ஒண்ணு, இல்லாதது ஒண்ணு. இல்லாததுக்கு ஏங்கறவன் கஷ்டப்படுவான். இந்தப் பதவி யார் கையில இருக்கு? ஆஸ்பத்திரி கையில. இன்னிக்குக் குடுப்பாங்க, நாளைக்குப் புடுங்குவாங்க. அதனால..."

அதனால் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. அவர் கை அடுப்பிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப இது எந்த வகை?" என்று கேட்டாள் அம்மாள் உள்ளே வந்து.

"பொங்கறது பாலோட இயல்பு."

"சரிதான். பொங்கின பாலு நம்ம கையில இல்ல. இந்தத் துணி உங்க கையில இருக்கு." கொடுத்துவிட்டுத் தலை வாரப் போய்விட்டாள். அவர் அடுப்பைத் துடைத்தார். ஆசானான அடிமை ஒருவர் மீண்டும் அடிமையானது தத்துவ வரலாற்றில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

வியாழக்கிழமை கீழ்த்தளத்து முடிதிருத்தும் கடைக்காரரிடம் போய் உட்கார்ந்தார். அவர் ஒருவர்தான் நோட்டீஸ்காரருக்கு மிஞ்சிய தொண்டர். கத்தரியைப் பிடித்தவருக்குப் பாதித் தலையில் விட்டுவிட்டுப் போக வழியில்லை.

"பதினொண்ணாவது புத்தகத்துல ஒண்ணு இருக்கு" என்றார் நோட்டீஸ்காரர், கழுத்தில் துணியோடு. "ரெண்டு பேருக்கு ஒரு பொருளப் பங்கு போடணும். ஒருத்தர் பிரிக்கணும், மத்தவர் எடுக்கணும். எந்தப் பங்கு தனக்கு வரும்னு பிரிக்கிறவருக்குத் தெரியாது. அதனால நியாயமாப் பிரிப்பார். மனுஷன் கண்டுபிடிச்சதுலயே சுத்தமான நியாயம் இதுதான்."

"அப்ப வீட்டு வேலைய அக்கா பிரிப்பாங்க, நீங்க எடுப்பீங்க?"

"அதே."

"அடுப்படி இல்லாத பங்க எடுத்துட்டா, அக்கா வேலைக்குப் போக முடியாதேண்ணே."

"அது நியாயத்தோட முடிவு. நான் என்ன பண்ணட்டும்?"

கடைக்காரர் கத்தரியை நிறுத்தினார். "அண்ணே, தலைய ஆட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அதை மனைவியிடம் சொன்னார். அவள் உடனே ஒப்புக்கொண்டாள். எதிர்த்தரப்பு உடனே ஒப்புக்கொண்டால் பேச்சுவார்த்தையை ஒத்திவைத்துவிட்டு வெளியே போய் யோசிக்க வேண்டும் என்பது முப்பத்திரண்டு வருட அனுபவம். அந்த அனுபவத்துக்கும் அன்றைக்கு ஓய்வு நாள்போல.

"ஆனா சாட்சி வேணுங்க. சாட்சி இல்லாம நீங்க எந்த ஒப்பந்தம் போட்டிருக்கீங்க?" என்றாள். அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாலை ஐந்து மணிக்குச் சாட்சிகள் வந்தார்கள். கீழ்த்தளத்துக் கடைக்காரர் ஒருவர். எதிர் வீட்டு டீச்சர் இன்னொருவர். மேசைமேல் அம்மாள் இரண்டு தாள்களை வைத்தாள். டீச்சர் இரண்டையும் உரக்கப் படித்தார்.

முதல் பங்கு: காலை ஆறு முதல் பத்து வரை அடுப்படி. டீ, காலைச் சாப்பாடு, மதியத்துக்கு ஒரு சாப்பாடு, பாத்திரம்.

இரண்டாம் பங்கு: அவ்வப்போது சொல்லப்படும் இதர வேலைகள்.

அவ்வளவுதான். ஒரே வரி. இரண்டாவது தாளை நோக்கிப் போன நோட்டீஸ்காரரின் கை பாதியில் நின்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணிமனையின் பணி விதிகளில் பத்தொன்பதாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. "மேலும், மேனேஜர் அவ்வப்போது சொல்லும் இதர வேலைகள்." அந்த ஒரு வரியை வைத்து எஞ்சின் மெக்கானிக்குகளை மேனேஜர் வீட்டு பீரோவைத் தூக்க வைத்தார்கள். தொலைந்துபோன அவர் நாயைத் தேட வைத்தார்கள். நோட்டீஸ்காரர் பதினொரு வருடம் அந்த வரியோடு சண்டை போட்டார். நாற்பது துண்டறிக்கை எழுதினார். இந்த வரி உள்ள காகிதத்தை என் கை தொடாது என்று வாசலில் நின்று சத்தியம் செய்தார். அந்த நாற்பதையும் அச்சுக்கு அனுப்பும் முன் நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்துக் கொடுத்தது யார் என்று அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கை கட்டி உட்கார்ந்திருந்த அம்மாள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"இது என்ன வரி?" என்றார்.

"ரெண்டாவது பங்குங்க."

"இதுல என்னென்ன அடங்கும்?"

"அப்பப்ப சொல்றேன்."

"அப்பப்பன்னா எப்பப்ப?"

"அதான், அப்பப்ப."

"அண்ணே, இது பத்தொன்பதாவது பிரிவு மாதிரியே இருக்கே!" என்றார் கடைக்காரர். தலையைக் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் நோட்டீஸ்காரர் அவருக்கு அதைச் சொல்லியிருக்கிறார்.

"வரையறை இல்லாத வேலை அடிமைத்தனம்!" நோட்டீஸ்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பட்டியல் போடு! ஒண்ணொண்ணா!"

"நான் எழுதினா பாதி விட்டுப்போயிடும். பழகின வேலை, ஞாபகத்துல நிக்காது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

பேனாவைத் திறந்தார். கோரிக்கைப் பட்டியல் எழுதி எத்தனை நாளாயிற்று!

தண்ணீர்த் தொட்டி. கழிவறை. துணி துவைப்பது, மடிப்பது, கிழிந்ததைத் தைப்பது. சன்னல் கம்பி. இதெல்லாம் சரளமாக வந்தது.

"உங்க மாத்திரை தீராமப் பாத்துக்கறது."

"மாத்திரைதான் தீர்றதே இல்லையே?"

"அதாங்க வேலை."

எழுதினார்.

"எங்கம்மாகிட்ட தினம் போன்ல பேசறது."

"இது ஒரு வேலையா?"

"முக்கால் மணி நேரம். ஒரு நாளு பேசிப் பாருங்க."

எழுதினார்.

"உங்க அண்ணன் வந்தா, நீங்க எழுந்து போனப்புறம் மீதிக் கதையக் கேட்டுக்கறது. அப்புறம், நீங்க வீட்டுக்காரரோட சண்ட போட்டுட்டு வந்தா, பின்னாடியே போய் அவர சமாதானம் பண்றது."

"நான் போட்டது உரிமைச் சண்டை! நீ எத்தன தடவ போய்ச் சமாதானம் பண்ணின?"

"நாம இன்னும் இதே வீட்டுலதான இருக்கோம்."

டீச்சர் இருமினார். அவர் எழுதினார்.

இருபதைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. முப்பத்தெட்டு: ஓடாத கடிகாரத்தைத் துடைப்பது. நாற்பத்து மூன்றில் பேனா நின்றது. மை இருந்தது. அவருக்குத்தான் களைத்துவிட்டது. இரண்டாயிரம் பேர் வேலையை அளந்து எழுதிய கை அது. முதலாளி எந்த மூலையில் ஒளித்துவைத்தாலும் உழைப்பை மோப்பம் பிடித்துவிடுவேன் என்று சொல்லித் திரிந்த மூக்கு. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனையும் இத்தன நாளா யார் செஞ்சுக்கிட்டிருந்தது?" என்றார்.

கடைக்காரர் தரையைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க நோட்டீஸ்காரர் கேட்ட கேள்விகளில் எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்வி இது ஒன்றுதான்.

நாற்பதாவது நாள் வேலைநிறுத்தத்தை விலக்கிக்கொள்ளும் குரலில் சொன்னார். "முதல் பங்கு எனக்கு."

"யோசிச்சுச் சொல்லுங்க. காலையில படிப்பு கெடும்."

"எனக்குன்னு சொல்லிட்டேன்ல. அந்தத் தொட்டியையும் மாத்திரையையும்கூட என் பக்கம் எழுதிக்க. இல்லேன்னா பங்கு சமமா இல்ல."

"வீட்டுக்காரர்?"

"அவர் உன்கிட்டயே இருக்கட்டும்."

அம்மாள் தலையாட்டினாள். இருபத்தாறு வருடம் காரத்தண்ணீரில் வெளுத்த விரல்களால் முதல் தாளை டீச்சரிடம் தள்ளினாள்.

நோட்டீஸ்காரருக்கு ஒரே ஒரு ஆறுதல் மிச்சம் இருந்தது. நடைமுறை. தோற்றாலும் நடைமுறைப்படி தோற்க வேண்டும். "பொறுப்பாளர் பேரு எழுதாத ஒப்பந்தம் செல்லாது" என்றார் விறைப்பாக. "பேர எழுதி, சாட்சிங்க முன்னால சத்தமாப் படிக்கணும்."

"எழுதியாச்சுங்க. அடியில மடிச்சுப் பின் குத்தியிருக்கேன் பாருங்க."

தாளின் அடிப்பக்கம் மடிந்திருந்தது. சின்னத் தாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். டீச்சர் பின்னை எடுத்து மடிப்பைப் பிரித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அக்கா, திங்கட்கிழமைத் தேதி போட்டிருக்கே?"

"ஆமா டீச்சர். ஆஸ்பத்திரியில அன்னிக்கே சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இந்தத் தாளும் அன்னிக்கே எழுதினது, 'முதல் பங்கு'ன்னு தலைப்பு மட்டும்தான் இன்னிக்குப் போட்டேன். வீட்டுலதான் ஒரு வாரம் பிடிச்சுது."

டீச்சர் சாட்சிகள் இருவருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக, தானும் ஒரு சாட்சி என்பதை மறந்து, வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் நிதானமாக வாசித்தார்:

"காலை அடுப்படிப் பொறுப்பாளர், நோட்டீஸ்காரர்."