கூட்டுக்குள் நான் மட்டும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கும் என்றும், தங்கள் துணைவியார் இன்னமும் தங்களைப் பொறுத்துக்கொண்டிருப்பார் என்றும் நம்புகிறேன். இங்கு நான் நலம். வீடும் நலம். பின்பக்கத்து மதில் மட்டும் நலமாக இல்லை. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். இக்கடிதம் தங்களுக்கு மட்டுமே எழுதப்படுகிறது. தங்கள் தங்கையிடம் காட்ட வேண்டிய அவசியமில்லை. படித்து முடித்ததும் அவள் மூக்குக்கண்ணாடி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டால், அதற்காக நான் தங்களைக் கோபித்துக்கொள்ளப் போவதுமில்லை.

அவள் எதற்காக அங்கே வந்தாள் என்பதை அவள் பாணியில் சொல்லியிருப்பாள். நடந்ததை நான் முறைப்படி சொல்கிறேன். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. புயல் காலம் வருகிறதே, அவள் வளர்க்கும் கோழிகளுக்கு ஒரு ஏற்பாடு வேண்டாமா என்று நானே கொல்லையில் இரும்புச் சட்டம் போட்டு ஒரு கூடு கட்டினேன். காற்றில் பறந்துவிடக் கூடாதென்று அதைக் கம்பி போட்டு மதிலோடு சேர்த்து இழுத்துக் கட்டினேன். வாசலில் ‘அவசர வழி’ என்று எழுதி அம்புக்குறியும் போட்டேன். இதை எந்தக் கோழி படிக்கப் போகிறது என்று தங்கள் தங்கை கேட்டாள். யார் படிப்பார்கள் என்று பார்த்து விதி எழுதுவதில்லை என்று பதில் சொன்னேன். பிறகு தினமும் மதியம் ஒத்திகை. தீவன டப்பாவின் தகர மூடியைக் கரண்டியால் தட்டுவேன். தட்டினால் எல்லாக் கோழிகளும் ஓடிவந்து கூட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைந்தால் தானியம். கோழிகள் இதை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டன. அது அவள் கண்ணயரும் நேரம் என்பதை நான் கவனிக்கவில்லை என்கிறாள். கவனித்தேன். ஆபத்து நேரம் பார்த்து வருவதில்லை என்பதால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

புயல் எச்சரிக்கை வானொலியில் வந்த அன்று, கடைசி ஒத்திகைக்கு அவளும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கூட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். மழை வந்தால் கோழிகளைத் தூக்கிச் சமையலறைக்குள் விட்டால் போதும், இதற்கெதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்றாள். சமையலறை மனிதர்களுக்கானது என்றேன். உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெளிவாசலில் நின்று அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது என் காதிலேயே நிற்கிறது.

“உங்க ஒத்திகையக் கட்டிக்கிட்டு நீங்களே அழுங்க. ஆனா கோழியில ஒண்ணு குறைஞ்சாலும் நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வர மாட்டேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளையாட்டுக்குச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள், அன்று பார்க்கவில்லை.

எனவே அவள் போன பிறகு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. காற்று வரும் பக்கம் முழுக்கப் பலகை அடித்தேன், மூச்சுக்காற்றுக்கு மேலே மட்டும் சந்து விட்டேன். உள்ளே காய்ந்த வைக்கோல் பரப்பினேன். பறக்கக் கூடிய வாளி, முறம், பழைய நாற்காலி எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்துப் போட்டேன். கூட்டின் மேல் நீண்டிருந்த கிளைகளை வெட்டினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரரின் கொட்டகையில் தகரக் கூரை ஒரு ஓரமாகப் பெயர்ந்து நின்றது, அதையும் ஆணி அடிக்கச் சொன்னேன். காற்று வரட்டும் சார், பார்த்துக்கொள்ளலாம் என்றார். காற்று வந்தது. யாராலும் எதையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

மதியத்துக்கு மேல் வானம் இருட்டியதும் மூடியைத் தட்டினேன். கோழிகள் வரிசை தவறாமல் உள்ளே வந்ததைப் பார்த்தபோது எனக்கு மார்பு விம்மியது. இத்தனை ஒழுங்கைத் தொழிற்சாலையில் நான் ஒருநாளும் கண்டதில்லை. அடுத்து என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கதவைச் சாத்தியிருக்க வேண்டுமாம். ஆனால் எங்கள் வேலையில், ஆட்களை எண்ணிச் சரிபார்க்காமல் கதவைச் சாத்தவே கூடாது. நான் தலைக்கவசத்தோடு குனிந்து உள்ளே போய் எண்ணத் தொடங்கினேன். மனிதர்கள் பெயர் சொன்னால் கை தூக்குவார்கள். கோழிகள் ஒன்றன் கீழ் ஒன்று புகுந்துகொள்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒன்று குறைந்தது. நான் திரும்ப முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் தையல்காரரின் தகரக் கூரை காற்றில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. படார் படார் என்று அச்சு அசலாக என் மூடிச் சத்தம், அதைவிடப் பெரிதாக. என் கோழிகள் ஒரு கணம் என்னைப் பார்த்தன. பிறகு, இதைவிடப் பெரிய சாப்பாடு அங்கே என்று முடிவு செய்து, வேலிச் சந்து வழியாகத் தையல்காரர் வீட்டுக்கு ஓடிவிட்டன. நான் மூடியைத் தட்டினேன். கூரையும் தட்டியது. கூரைதான் ஜெயித்தது. எல்லா விதிகளையும் கடைப்பிடித்த அந்தக் கூட்டுக்குள் நான் ஒருவன் மட்டும் நின்றேன்.

மழை முகத்தில் அறைந்தது. தட்டுத் தடுமாறி வேலியைத் தாண்டி அவர் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால், எல்லாம் துணி வெட்டும் மேசைக்கு அடியில் நனைந்து நிற்கின்றன. தையல்காரரும் நானும் ஆளுக்கு இரண்டாக அள்ளி, கான்கிரீட் கூரை போட்ட அவர் வீட்டு அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கடைசிக் கோழியை அவர் தூக்கிக்கொண்டு வரும்போது என் கொல்லையிலிருந்து பெரிய சத்தம். மதில் அப்படியே கூட்டின் மேல் சாய்ந்துவிட்டது. தனியாக இருந்திருந்தால் ஒருவேளை மதில் தப்பியிருக்கும். கூடு ஆடியதில் அதுவும் சேர்ந்து ஆடியிருக்கிறது. அவ்வளவு பலமாக இழுத்துக் கட்டியிருந்தேன்.

“நல்லவேளை சார், உங்க கோழிங்க பேச்சுக் கேக்கல,” என்றார் தையல்காரர்.

அந்த அறையில் மறுபடி எண்ணினேன். ஒன்று குறைந்தது. கூட்டுக்குள் எண்ணியபோதும் நான் தப்பாக எண்ணவில்லை. ஒன்று வரவே இல்லை. அந்தக் கறுப்புக் கோழி. எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறது என்று தங்கள் தங்கை அதற்கு ‘ஆபீசர்’ என்று பெயர் வைத்திருப்பது தங்களுக்கும் தெரியும், தாங்கள் அதற்குச் சிரித்ததும் எனக்குத் தெரியும். காற்று அடங்கும்வரை நான் அந்த அறையில் உட்கார்ந்தபடி மதிலுக்கு அடியில் அது கிடக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கோழிக்காக மட்டும் பயப்படவில்லை. அவள் சொன்ன சொல்லை மீறுகிறவள் அல்ல.

காற்று ஓய்ந்து வெளிச்சம் வந்ததும் செங்கல் செங்கலாகப் புரட்டினேன். கை கிழிந்ததுதான் மிச்சம். கையைக் கழுவலாம் என்று சமையலறைக்குள் போனேன். அரிசி டிரம்முக்குப் பின்னால், சுவர் மூலையில், மடித்துப் போட்ட சாக்கின் மேல் ஆபீசர் உட்கார்ந்திருந்தது. ஒரு இறகுகூட நனையவில்லை. கொல்லைக் கதவின் அடிப்பலகை ஒன்று கோழி நுழையும் அளவுக்கு நகர்த்தி வைக்கப்பட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். சாக்குக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம், அதில் தண்ணீர். சுற்றிலும் பழைய எச்சம், சுரண்டித் துடைத்த அடையாளம். எத்தனை மழைக்கு இதையெல்லாம் உள்ளே விட்டிருக்கிறாள், நான் எழுந்து வருவதற்குள் எத்தனை முறை துடைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான். ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே, கோழிகள் முழு எண்ணிக்கையில் உள்ளன என்பதைத் தங்களுக்கு அதிகாரபூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கு இங்கு ஒரு குறையும் இல்லை. சமைக்கிறேன், சாப்பிடவும் முடிகிறது. தங்கள் தங்கை அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம், இஷ்டம்போல் இருக்கட்டும். நான் வந்து அழைக்கப் போவதில்லை; போனவரைப் பின்னால் போய்க் கூப்பிடும் பழக்கம் என்னிடம் கிடையாது. தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, பெரியவர்கள் சொல்வதைக் கேட்காத நேரத்திலும் பத்திரமாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: புயலுக்குப் பிறகு தபால் இன்னும் ஓடவில்லை என்பதால் கடிதத்தை நானே கொண்டுவந்திருக்கிறேன். தங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் இதை எழுதுகிறேன். மணியை அழுத்தினேன், மின்சாரம் இல்லை போலிருக்கிறது. தட்டலாம் என்றால் தகரக் கதவு, தட்டினால் ஆபீசர் கூடையிலிருந்து ஓடிவிடும். எனவே கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். மற்றவை தையல்காரரிடம் இருக்கின்றன, அவளே வந்து எண்ணிக்கொள்ளட்டும். நான் இனி எண்ணுவதாக இல்லை. சமையலறைப் பலகை வழியை இன்னும் அகலமாக அறுத்துவிட்டேன் என்றும் சொல்லவும். கதவை அவளையே வந்து திறக்கச் சொல்லுங்கள். கூடை கனக்கிறது.